வருவது அறிந்தவன்

நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே அறிந்துவிட வேண்டும் என்பது மனிதனுடைய மிகப் பழைய ஆசைகளுள் ஒன்று. பஞ்சாங்கமும் சாதகக் குறிப்பும் இல்லாத வீடு நம்மிடையே அரிது. பெண்ணுக்குக் கலியாணம் பேசினாலும், பையனுக்குச் சோதனை நெருங்கினாலும், நாம் முதலில் தேடிச் செல்வது சாத்திரியாரையே. இவ்வழக்கத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. நானும் அதற்குள்ளே பிறந்து வளர்ந்தவனே. ஆனால், வருவதை மெய்யாகவே காணும் ஆற்றல் ஒருவனுக்கு வாய்த்துவிட்டால் அவன் வாழ்வு எப்படியிருக்கும் என்ற வினாவை அண்மையில் ஓர் ஆங்கில நாவல் என் முன் வைத்தது. விளையாட்டாகக் கையில் எடுத்த நூல், என் தொழிலைப் பற்றியே என்னை வினாவும் நூலாக முடிந்தது. அந்த அநுபவத்தையே இங்கு எழுதுகின்றேன்.

நான் கல்லூரியொன்றிலே உயர்தர வகுப்பு மாணவருக்கு அளவையியல் கற்பிப்பவன். மதிய உணவுக்குப் பின்வரும் பாடவேளை நித்திரைக்கு உகந்தது. நியாயத்தொடையின் விதிகளோ அந்த நித்திரைக்குத் தாலாட்டு. அத்தகைய ஒரு பாடவேளையில், கடைசி வாங்கில் இருந்த பையன் ஒருவன் மாத்திரம் சிறிதும் உறக்கமின்றி, குனிந்த தலை நிமிராது, மேசைக்குக் கீழே எதையோ கவனித்துக் கொண்டிருந்தான். அருகிற் சென்று கையை நீட்டினேன். தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று வெளியே வந்தது.

“என்ன புத்தகம்?”

“கதைப் புத்தகம் சேர். லண்டனிலை இருந்து மாமி அனுப்பினவ.”

“என்ன கதை?”

பையன் சிறிது தயங்கினான். “நாளைக்கு நடக்கிறதைப் பாக்கிற ஒரு மந்திரவாதியின்ரை கதை, சேர்.”

வகுப்பு முழுவதும் சிரித்தது. “அப்படியானால் நான் இப்பொழுது வருவேன் என்பதை அந்த மந்திரவாதி உனக்குச் சொல்லவில்லையா?” என்று நானும் ஒரு பரிகாசத்தை விட்டெறிந்து, புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை மாலை, பையன்கள் எத்தகைய குப்பையைப் படிக்கிறார்கள் என்று பார்ப்போம் என்ற எண்ணத்துடன் முதற் பக்கத்தைப் புரட்டினேன். ஞாயிறு இரவு கடைசிப் பக்கத்தை முடித்த பின்னரே விளக்கை அணைத்தேன்.

நூலின் பெயர் ‘ஃபேற்றட்’. விதிக்கப்பட்டது என்று தமிழிற் சொல்லலாம். 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. எழுதியவர் பெனடிக்ட் ஜாக்கா என்னும் ஆங்கில எழுத்தாளர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே மெய்யியல் பயின்றவர். இந்நூல் தொடங்கி, 2021 வரை, ஒரே கதாநாயகனைப் பற்றிப் பன்னிரண்டு நாவல்களை எழுதி அவ்வரிசையை நிறைவு செய்திருக்கிறார். நம் காலத்து மாநகரத்தின் நடுவிலே மந்திரமும் மாயமும் மறைந்து நடமாடுவதாகச் சொல்லும் இத்தகைய கதைகள் ஆங்கிலத்திலே இன்று ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. அரண்மனையும் குதிரையும் இவற்றில் இல்லை. சுரங்க இரயிலும் கைத்தொலைபேசியும் உண்டு.

கதை நிகழும் களம் இலண்டன். அந்நகரின் வடபாகத்திலே, 1820இல் வெட்டி முடிக்கப்பட்ட ரீஜன்ற் கால்வாய் ஓடும் கம்டன் என்னும் சந்தைப் பகுதியில், அலெக்ஸ் வேரஸ் என்பவன் ஒரு சிறு கடை வைத்திருக்கிறான். மந்திரப் பொருள்கள் விற்கும் கடை. உள்ளே வருவோரிற் பலர் அதனைச் செப்படி வித்தைக் கடை என்றே எண்ணிச் சீட்டுக்கட்டு விலை கேட்டுப் போகிறார்கள். கடைக்காரனோ உண்மையான மந்திரவாதி. அவனுடைய உலகத்தில் நெருப்பை வீசுவோர் உண்டு. நீரையும் காற்றையும் ஏவுவோர் உண்டு. அலெக்ஸுக்கோ இவற்றுள் ஒன்றும் கைவராது. ஒரு தீக்குச்சியைக்கூட அவனால் மந்திரத்தாற் கொளுத்த இயலாது. அவனுக்கு வாய்த்தது ஒன்றே: வருவதைக் காணும் கண்.

அந்தக் கண் எவ்வாறு காண்கிறது என்று ஆசிரியர் விளக்கும் முறையிலேதான் என் உள்ளம் முதலிற் பிணிப்புண்டது. நம் சாத்திரியார் சொல்வதுபோல, ‘உனக்கு இன்ன வயதில் இன்னது நடக்கும்’ என்று எழுதி முடிக்கப்பட்ட ஓர் ஏட்டை அலெக்ஸ் வாசிப்பதில்லை. இருளிலே கிளை கிளையாகப் பிரிந்து செல்லும் ஒளிக்கோடுகளாக எதிர்காலங்கள் அவன் முன் விரிகின்றன. இப்பக்கம் திரும்பினால் இது, அப்பக்கம் திரும்பினால் அது, பேசினால் ஒன்று, பேசாதிருந்தால் இன்னொன்று. பூட்டிய கதவின் இரகசிய இலக்கம் தெரியவில்லையா? ஒவ்வோர் இலக்கமாகத் தான் அழுத்தும் எதிர்காலங்களைப் பார்த்து வருவான். எதில் கதவு திறக்கிறதோ அதனையே உண்மையில் அழுத்துவான். ஆபத்தான மண்டபத்துள் நுழையாமலே, நுழைந்தாற் காணக்கூடியதைக் கண்டு மீள்வான். எதிரியிடம் கேள்வி கேளாமலே, கேட்டால் வரும் விடையை அறிவான்.

இவ்வளவும் வாய்த்தவனுக்கு இனி என்ன குறை என்று தோன்றும். ஆனால் ஆசிரியர் மெய்யியல் பயின்றவரல்லவா? ஆற்றலைக் கொடுத்த கையினாலேயே எல்லைகளையும் வகுத்துவிடுகிறார். நேரத்தால் தூரம் செல்லச் செல்லக் கிளைகள் பெருகிப் புகைபோல் மங்கிவிடுகின்றன. நோக்கினால் மாத்திரமே தெரியும்; கவனம் பிசகியிருக்கும் வேளையில் அலெக்ஸும் நம்மைப்போல ஒருவனே. இவை எல்லாவற்றிலும் பெரிய எல்லை வேறொன்று: இன்னொரு மனிதன் இன்னும் முடிவு செய்யாத ஒன்றை அவனால் முடிந்ததாகக் காண இயலாது. எதிரே நிற்பவன் மனம் ஊசலாடும்வரை எதிர்காலமும் ஊசலாடுகிறது. அவன் உறுதி கொண்ட கணத்திலேதான் கோடுகள் ஒன்றாகச் சேர்ந்து தெளிகின்றன.

அளவையியல் ஆசிரியனுக்கு இது புதிய செய்தியன்று. ‘நாளை ஒரு கடற்போர் நடக்கும்’ என்ற கூற்று இன்றைக்கே மெய்யாக இருக்குமா என்று அரிஸ்டோட்டில் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வினாவினார். இன்றைக்கே அது மெய்யென்றாலும் பொய்யென்றாலும், கடற்படைத் தலைவர்கள் கூடி ஆலோசிப்பதற்கு என்ன பொருள்? நடப்பதுதான் முன்னமே முடிந்துவிட்டதே! ஆகையால் இனி நிகழக்கூடியவை பற்றிய கூற்றுக்களை நிகழ்ந்தவை பற்றிய கூற்றுக்களைப்போற் கொள்ளலாகாது என்று அவர் கருதினார் என்றே அறிஞர் பலர் பொருள் கொள்கின்றனர். 1814இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் இதற்கு எதிரான கரையில் நின்றார். உலகின் ஒவ்வோர் அணுவின் நிலையையும் இயக்கத்தையும் ஒரே கணத்தில் அறியவல்ல பேரறிவு ஒன்றிருந்தால், அதற்கு எதிர்காலமும் இறந்தகாலத்தைப்போலவே வெளிச்சமாயிருக்கும் என்றார். இவ்விரு கரைகளையும் நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி அழித்து வருகிறேன். ஆனால் அவற்றின் நடுவே நின்று, உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடும் ஒரு மனிதனை அந்நாவலிலேதான் கண்டேன்.

கதைச் சுருக்கம் இதுதான். 1753இல் நிறுவப்பட்ட பிரித்தானிய நூதனசாலையிலே, பண்டை மந்திரவாதிகள் விட்டுச் சென்ற கருவி ஒன்று மறைந்திருக்கிறது. அதனைக் கைப்பற்றுபவன், எதிர்காலங்களுள் எது நிகழ வேண்டும் என்று தானே வளைத்துவிடலாம். காவலைக் கடந்து அதனை எடுக்க வருவதறியும் ஒருவனின் கண் வேண்டும். எனவே ஒளிப் பக்கத்து மந்திரவாதிகளும் இருட் பக்கத்து மந்திரவாதிகளும் அலெக்ஸை நாடுகிறார்கள். நாடுவது வேண்டுகோளாகத் தொடங்கி மிரட்டலாக முடிகிறது. அக்கருவியினுள்ளே அதன் பழைய அதிபதியின் உள்ளம் இன்னும் குடியிருக்கிறது. எடுத்தவனை ஆட்கொள்ளக் காத்திருக்கிறது. விதியை வளைக்க விரும்பியவன் பிறனொருவன் விதிக்கு அடிமையாகும் இக்கற்பனை மிக ஆழமானது. முடிவை இங்கே சொல்லிவிட்டால் வாசகர்கள் என்னை மன்னியார்.

நூலிற் குறைகளும் உண்டு. சண்டை மிகுதி. எவரைக் கண்டாலும் ‘கொன்றுவிடுவேன்’ என்கிறார்கள். ஆயினும் ஹம்ஸ்டெட் ஹீத் என்னும் பரந்த வெளிக்குக் கீழே குகையிலிருந்து பட்டாடை நெய்யும் இராட்சதச் சிலந்தியாகிய அரக்னியும், எதையும் நினைவில் வைத்திராத காற்றுத் தேவதை ஸ்டார்பிரீஸும் நம் பாட்டிமார் கதைகளின் நெருங்கிய உறவினர் போலவே எனக்குத் தோன்றினர்.

வாசித்து முடித்த இரவில் எனக்கு நினைவுக்கு வந்தவன் சகாதேவன். சிறு பிராயத்திலே கோயில் வீதியில் மணலிலிருந்து பாரதக் கதை கேட்டவர்கள் மறந்திரார். களப்பலிக்கு ஏற்ற நாள் எது என்று துரியோதனன், பகைவனாகிய சகாதேவனிடமே வந்து கேட்கிறான். கேட்டவன் யாரென்று பாராமல், அமாவாசை நாளே ஏற்றது என்று அவனும் உள்ளபடி சொல்லிவிடுகிறான். சாத்திரம் பொய்க்கவில்லை. ஆனால் கண்ணன் முதல் நாளே நீர்க்கரையில் அமர்ந்து தருப்பணத்தைத் தொடங்க, சூரியனும் சந்திரனும் ஐயுற்று அதனை விசாரிக்க ஒருங்கே வந்துவிட, அதுவே அமாவாசையாகிவிடுகிறது. கணக்கு முழுவதும் சரி. கணக்கிற்குள் அடங்காத ஒருவன் செயல் அதனை முந்திவிட்டது. வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்துவிட்டு, பின்னர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தாரல்லவா? இரண்டையும் ஒரே நூலில் வைத்த துணிவை நினைத்து நான் வியப்பதுண்டு.

இதுவரை எழுதியது நூலைப் பற்றி. இனி எழுதுவது என்னைப் பற்றி.

ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஆசிரியத் தொழிலுக்கு நான் புதியவனாயிருந்த காலம். என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். வரும் நாளிலும் கொப்பி இராது. தவணைச் சோதனையில் அவன் பெற்ற புள்ளியை இங்கு எழுதுவது நாகரிகமன்று. ஒருநாள் அவன் தந்தையார் கல்லூரிக்கு வந்தார். வெங்காயச் செய்கைக்காரர். தோளிற் கிடந்த சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு, கதிரையில் இருக்கச் சொல்லியும் இராமல், நின்றபடியே கேட்டார்:

“மாஸ்ரர், உவன் தேறுவானோ? உள்ளதைச் சொல்லுங்கோ. தேறமாட்டானெண்டால் வேறை வழி பாக்கலாம்.”

உள்ளதைச் சொல்லும்படி கேட்டுவிட்டார். நானோ உள்ளதைக் கற்பிக்கும் அளவையியல் ஆசிரியன். புள்ளிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தேறமாட்டான் ஐயா. இவனுக்குப் படிப்பு ஏறாது” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, எனக்கு நன்றியும் கூறிச் சென்றார். மறுமாதம் பையனுடைய இடம் வெறுமையாயிருந்தது. அன்று நான் நேர்மையாக நடந்துகொண்டதாகவே எண்ணினேன். ஏன், சற்றுப் பெருமையும் அடைந்தேன்.

சென்ற ஆண்டு, மழைக்கால மாலையொன்றில் வழியிலே என் மோட்டார் சைக்கிளின் ரயர் காற்றிழந்துவிட்டது. தள்ளிக்கொண்டு போய் ஒரு திருத்தும் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர்தான் அந்த மாணவன். தேநீர் தருவித்தார். ஒட்டுப் போட்டு முடித்துக் காசும் வாங்க மறுத்துவிட்டார். அவர் தொழிலில் எந்தக் குறைவும் இல்லை. அவர் விரல்களின் திறமையை நான் வியந்துகொண்டே இருந்தேன். ஆனால் அவர் சிரித்த முகத்துடன் சொன்ன வார்த்தை இது:

“நீங்கள் அப்பவே சரியாச் சொன்னியள் சேர், எனக்குப் படிப்பு ஏறாதெண்டு.” பின்பு, கடையின் மூலையில் ஒரு மரப்பெட்டியின்மேற் கொப்பியை வைத்து எழுதிக்கொண்டிருந்த எட்டு வயது மகனைக் காட்டி, “உவனுக்கும் என்ரை மூளைதான்” என்றார்.

அச்சிறுவனின் கொப்பியை எட்டிப் பார்த்தேன். கணக்குகளில் ஒன்றைத் தவிர எல்லாம் சரியாயிருந்தன. நானோ ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் வாக்கு பலித்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது பலித்தது, நான் வருவதைக் கண்டதனாலா, சொன்னதனாலா? அன்று அந்தப் பையன் இன்னும் ஒரு முடிவுக்கும் வந்திராத பதினேழு வயதினன். அவனுடைய கோடுகள் கிளை கிளையாகவே இருந்தன. அக்கிளைகளுள் ஒன்றைக் கண்டு, அதுவே மரம் என்று சொன்னவன் நான். சொல்லிய கணத்திலே மற்றைக் கிளைகள் அணைந்துவிட்டன. அலெக்ஸ் வேரஸுக்கு உண்மையான ஆற்றல் இருந்தும், பிறர் உறுதி செய்யாததை உறுதியென்று சொல்ல அவன் துணியவில்லை. எனக்கோ ஓர் ஆற்றலும் இருக்கவில்லை. புள்ளிப் பதிவேடு ஒன்றே இருந்தது.

இவ்வெண்ணம் மேலிடவே, அடுத்த நாவல்களையும் படிக்க விரும்பி, புத்தகம் பறித்த பையனிடமே போய் இரவல் கேட்டேன். களவு பிடித்தவன் கள்வனிடம் கடன் கேட்டதுபோலத்தான். அவன் முகத்தில் மலர்ந்த சிரிப்பை என் வாழ்நாளில் மறவேன். 2013இல் வெளிவந்த நான்காம் நாவலாகிய ‘சோசன்’ என்னும் நூலே என்னை மிகவும் கலக்கியது. அலெக்ஸ் இளமையில் ரிச்சர்ட் டிராக் என்னும் இருட் பக்கத்து மந்திரவாதியிடம் சீடனாயிருந்தவன். அக்காலத்தில் குருவின் ஏவலால் ஒரு பெண்ணைக் கவர்ந்து வரத் துணைபோன பாவத்தின் கணக்கு, பல ஆண்டுகளின் பின், அப்பெண்ணின் சகோதரன் உருவில் வந்து நிற்கிறது. வருவதையெல்லாம் காணும் கண்ணுக்குச் சென்றதைத் திருத்தும் வலிமை இல்லை. எத்தனை கிளைகளைத் தேடினாலும் அப்பழைய செயல் நிகழாத கிளை ஒன்றும் அகப்படாது.

எனினும் ஆசிரியர் அவனை அவ்விடத்தில் விட்டுவிடவில்லை. முதல் நூலிலிருந்தே லூனா என்னும் இளம்பெண் ஒருத்தி வருகிறாள். அவள் குலத்திலே பரம்பரையாக வரும் ஒரு சாபம் அவளைத் தொடர்கிறது. அவளுக்கு வரவேண்டிய தீங்கெல்லாம் அவளை அணுகியவர்மேற் பாயும். ஆகையால் அவள் எவரையும் தொடமாட்டாள், எவருடனும் நெருங்கமாட்டாள். அலெக்ஸ் அவளைத் தன் சீடப்பிள்ளையாக ஏற்கிறான். சாபத்தை நீக்க அவனால் இயலாது. ஆனால் அதனை அடக்கி ஆளும் பயிற்சியை அவளுக்கு அளிக்க முயல்கிறான். தவறுகிறாள், மீண்டும் முயல்கிறாள், நாவலுக்கு நாவல் வளர்கிறாள். டிராக்குக்குச் சீடர்கள் கருவிகள். அலெக்ஸுக்கு லூனா இன்னும் முடிவு பெறாத ஒரு மனுஷி. இருட் குருவுக்கும் நற்குருவுக்கும் வேற்றுமை மந்திரத்தில் இல்லை. மாணவரைப் பார்க்கும் பார்வையில் இருக்கிறது.

சில வாரங்களுக்கு முன் பெற்றோர் தினம். கடைசி வாங்குப் பையனுடைய தாயார் வந்தார். புத்தகம் பறித்த கதை அவருக்கும் எட்டியிருந்தது. மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்டார்:

“சேர், இவன் பாஸ் பண்ணுவானோ? குறிப்பைக் காட்டினனான். இப்ப காலம் சரியில்லையாம். நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்கோ.”

பதினைந்து ஆண்டுகளின் பின் அதே வினா. மேசையிலே அதே நிறப் பதிவேடு. அதனை மூடி வைத்தேன்.

“அம்மா, இதுவரை என்ன புள்ளி எடுத்தான் என்பதைச் சொல்லுவேன். அது குறைவுதான். எங்கே பிழைவிடுகிறான் என்பதையும் சொல்லுவேன். பாஸ் பண்ணுவானோ என்பதை என்னாலே சொல்ல இயலாது. அதை அவன் இன்னும் முடிவு செய்யவில்லை.”

தாயாருக்கு இவ்விடை திருப்தியளித்திராது. சாத்திரியாரை விடவும் இந்த மாஸ்ரர் மழுப்புகிறாரே என்று அவர் எண்ணியிருக்கவும் கூடும். ஆனால் பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்த நூலைப் படித்தவர்கள் அங்கு நாங்கள் இருவரே. அன்று மாலை அவன் ஐந்தாம் நாவலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அதற்குள்ளே, அடையாளத்துக்காக மடித்து வைத்ததுபோல, நான் கொடுத்த நியாயத்தொடைப் பயிற்சித்தாள் ஒன்றும் இருந்தது. பாதி செய்திருந்தான். மீதியைச் செய்வானா என்பதை நான் அறியேன்.

இன்னும் ஒரு கடமை எனக்குண்டு. என் மோட்டார் சைக்கிளுக்கு இந்த வாரம் ஒரு பழுதுமில்லை. எனினும் அந்தத் திருத்தும் கடைக்கு ஒருமுறை போய்வர வேண்டும். அந்தக் கணக்குக் கொப்பியைப் பற்றி, ஓர் ஆண்டு பிந்தியாவது, தந்தைக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன், என் பழைய வாக்கைப் பற்றியும் பேச வேண்டும். அவர் என்ன சொல்லுவார், என்னை எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே போவதுதான் முறையென்று தோன்றுகிறது.